ஸ்போக் கம்பியை எந்த நீளத்தில் வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

மிதிவண்டிச் சக்கரத்தைத் தாமே கட்டிப் பார்க்க விரும்பும் வாசகர்களிடமிருந்து அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. எங்கே தொடங்கினாலும் அவை வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் வெளிவளையமான ரிம்மையும் இணைக்கும் ஸ்போக் கம்பி என்ன நீளம் இருக்க வேண்டும்? ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 32 துளைகள் கொண்ட 700சி ரிம்கள் இரண்டும், அதே எண்ணிக்கையில் துளைகள் உள்ள முன் ஹப்பும் பின் ஹப்பும் இருக்கின்றன. ரிம்மின் மேல் 622 என்று அச்சிட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கொண்டே கம்பி நீளத்தைச் சொல்லிவிட முடியாதா?

பதில்: முடியாது. முதல் முறை சக்கரம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இடறுவது இந்த இடத்தில்தான். 622 என்பது டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். டயர் வாங்கும்போது அது உதவும். கம்பி வாங்கும்போது உதவாது. கம்பி போய் முடிகிற இடம் டயர் உட்காரும் இடத்துக்கும் கீழே, கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டான நிப்பிளின் தலைக்குள் இருக்கிறது. அந்த இடம் எவ்வளவு கீழே என்பது ரிம் எவ்வளவு ஆழமானது, அதற்கு ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்பவற்றைப் பொறுத்தது. உயரம் குறைந்த ரிம் ஒன்றும் காற்றைக் கிழிப்பதற்காக ஆழமாகச் செய்யப்பட்ட ரிம் ஒன்றும் 622 என்ற ஒரே முத்திரையைத் தாங்கியிருக்கலாம். ஆனால் அவற்றுக்குரிய கம்பிகளின் நீளம் 20 மி.மீ.க்கும் மேல் வேறுபடக் கூடும்.

நமக்கு வேண்டிய அளவின் பெயர் ஈ.ஆர்.டி.; அதாவது கம்பி முனைகள் முடியும் கற்பனை வட்டத்தின் விட்டம். நிப்பிளின் தலையில் திருப்புளி நுழைவதற்காக ஒரு காடி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காடியின் அடிமட்டத்தோடு கம்பியின் முனை சமமாக நிற்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள். ஒன்றுக்கொன்று எதிரெதிராக உள்ள இரு நிப்பிள்களின் காடி அடிகளுக்கு இடைப்பட்ட தூரமே ஈ.ஆர்.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தயாரிப்பாளரின் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், கையில் இருக்கும் ரிம்மில் நீங்களே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பழைய கம்பிகள் இரண்டை எடுத்து, வளைந்த தலைப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மரை உள்ள முனையிலிருந்து மறுமுனை வரை சரியாக 250 மி.மீ. இருக்குமாறு அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் எந்த நிப்பிளைப் போடப் போகிறீர்களோ அதே வகை நிப்பிளை ஒவ்வொன்றிலும் ஏற்றி, கம்பியின் முனை காடியின் அடியைத் தொடும் இடத்தில் நிறுத்தி, அது மேலும் சுழலாமலிருக்க ஒரு சொட்டுப் பசை வையுங்கள். இப்போது ரிம்மின் வால்வுத் துளைக்கு அடுத்த துளையை 1 என்று குறித்துக்கொண்டு எண்ணினால், 32 துளை ரிம்மில் அதற்கு நேர் எதிரே இருப்பது 17ஆம் துளை. இரு கம்பிகளையும் இந்த இரு துளைகளிலும் டயர் பக்கமிருந்து உள்ளே விட்டால், நிப்பிளின் தலைகள் துளைகளில் உட்கார, வெட்டிய முனைகள் சக்கரத்தின் நடுவில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இரண்டையும் ஒரு ரப்பர் வளையத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி 100 மி.மீ. என்றால் ஈ.ஆர்.டி. 250 + 250 + 100 = 600 மி.மீ.

ஒரே ஒரு முறை அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ரிம் என்பது பட்டையை வளைத்து இணைத்த பொருள். அது முழு வட்டமாக இருப்பது அரிது. 5க்கும் 21க்கும், 9க்கும் 25க்கும், 13க்கும் 29க்கும் இடையிலும் அளந்து பாருங்கள். 99.5, 100.5, 100, 100 என்று இடைவெளிகள் கிடைத்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் 3 மி.மீ. விலகி நின்றால், கம்பியைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு, ரிம் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிப்பிளுக்கு அடியில் வாஷர் வைப்பதாக இருந்தால், அளக்கும்போதும் அதை வைத்தே அளக்க வேண்டும்.

ஹப்பில் எடுக்க வேண்டிய அளவுகள் இரண்டு. ஹப்பின் இரு பக்கமும் கம்பித் துளைகளோடு இருக்கும் வட்டத் தட்டில், நேர் எதிரெதிரான இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒன்று. இதைத் துளைவட்டத்தின் விட்டம் என்போம். துளைகளின் மையத்தைக் கண்ணால் குறிவைப்பது கடினம் என்பதால், வெர்னியர் காலிப்பரால் ஒரு துளையின் வெளியோரத்திலிருந்து எதிர்த் துளையின் வெளியோரம் வரை அளந்து, அதிலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழித்துவிடுங்கள். மற்றொன்று, ஹப்பின் நடுக்கோட்டிலிருந்து தட்டு வரை உள்ள தூரம். நடுக்கோடு என்பது அச்சின் இரு பூட்டு நட்டுகளின் வெளிமுகங்களுக்குச் சரிபாதியில் இருப்பது. தட்டுகளுக்குச் சரிபாதியில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. முன் ஹப்பில் பூட்டு நட்டு முதல் பூட்டு நட்டு வரை 100 மி.மீ. என்றால் பாதி 50. பூட்டு நட்டின் முகத்திலிருந்து தட்டின் நடு வரை 15 மி.மீ. என்றால், 50 − 15 = 35 மி.மீ.

இனிக் கணக்கு. முன் ஹப்பின் துளைவட்டம் 38 மி.மீ. என்றும், ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகளில் மூன்றைக் குறுக்காகக் கடந்து செல்லும் பின்னல் என்றும் வைத்துக்கொள்வோம். ஈ.ஆர்.டி.யில் பாதி 300, துளைவட்டத்தில் பாதி 19, நடுவிலிருந்து தட்டு வரை 35. இம்மூன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 90,000 + 361 + 1,225 = 91,586. அடுத்து, கம்பி எவ்வளவு சாய்ந்து போகிறது என்பதைக் காட்டும் கோணம்: 720ஐத் துளைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் குறுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்க, 720 ÷ 32 × 3 = 67.5 பாகை. அதன் கொசைன் மதிப்பு 0.3827. இப்போது 2 × 300 × 19 × 0.3827 = 4,363. இதை முந்தைய கூட்டுத்தொகையிலிருந்து கழித்தால் 87,223; அதன் வர்க்கமூலம் 295.3. கடைசியாக, ஹப்பின் கம்பித் துளையின் விட்டத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். துளை 2.6 மி.மீ. என்றால் பாதி 1.3. ஆக, 294.0 மி.மீ.

பள்ளியில் படித்த முக்கோணக் கொசைன் விதியும் பிதாகரஸ் தேற்றமும் கைகோத்து நிற்கின்றன என்பதைத் தவிர இதில் மர்மம் ஏதுமில்லை. கடைசிக் கழித்தலுக்கு மட்டும் காரணம் சொல்லிவிடுகிறேன். நாம் துளையின் மையத்திலிருந்து கணக்கிட்டோம். இழுவிசையில் இருக்கும் கம்பியோ ரிம்மை நோக்கிய பக்கத்தில் துளையின் ஓரத்தில் போய்த்தான் பிடித்துக்கொள்கிறது. கம்பியின் நீளமும் வளைவின் உட்பக்கத்திலிருந்தே அளக்கப்படுகிறது. வளைவே இல்லாமல் நேராக இருக்கும் கம்பிகளைக் கொள்ளும் ஹப்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு ஹப் தயாரிப்பாளர் தரும் அளவுகளையே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: கணக்கிட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றனவே. இரண்டு கருவிகளில் ஒரே ரிம்மின் பெயரையும் ஒரே ஹப்பின் பெயரையும் கொடுத்தேன். விடைகளில் 2 மி.மீ. வேறுபாடு வந்தது. எதை நம்புவது?

பதில்: கருவிகள் செய்வது மேலே நாம் செய்த அதே கணக்கைத்தான், கூட்டல் கழித்தலில் அவை தவறுவதில்லை. வேறுபாடு உள்ளே போகும் அளவுகளில் இருக்கிறது. ஈ.ஆர்.டி. என்ற ஒரே பெயரில் சிலர் காடியின் அடிமட்டத்தையும், சிலர் நிப்பிளின் தலையுச்சியையும், சிலர் நிப்பிள் உட்காரும் ரிம்மின் பரப்பையும் குறிக்கிறார்கள். ஆகவே கருவியின் பட்டியலிலிருந்து ரிம்மைத் தேர்ந்தெடுக்காமல், நீங்கள் அளந்த எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். இரு கருவிகளும் சமாதானமாகிவிடும்.

எந்த அளவில் தவறினால் எவ்வளவு பாதிப்பு என்பதை அறிந்துகொள்வதும் நல்லது. 600 மி.மீ. ஈ.ஆர்.டி., 45 மி.மீ. துளைவட்டம், நடுவிலிருந்து 36 மி.மீ. தூரத்தில் தட்டு, 32 துளை, மூன்று குறுக்கு என்ற சக்கரத்தில் ஈ.ஆர்.டி.யை 2 மி.மீ. தவறாக அளந்தால் கம்பி நீளம் ஏறக்குறைய 1 மி.மீ. பிசகும். துளைவட்டத்தை அதே 2 மி.மீ. தவறாக அளந்தாலோ 0.3 மி.மீ.தான் மாறும். தட்டின் தூரத்தில் 2 மி.மீ. தவறு நேர்ந்தால் கால் மில்லிமீட்டர். ஹப்பை அளக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, ரிம்மின் அளவை மட்டும் யாரோ எழுதிவைத்த பட்டியலிலிருந்து எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஹப் நம் தவறுகளை மன்னிக்கும், ரிம் மன்னிக்காது.

கேள்வி: பின் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பிக்கும் வலப்பக்கக் கம்பிக்கும் வேறு வேறு நீளம் வருகிறது. ஒரே நீளத்தில் 32 கம்பிகள் வாங்கினால் என்ன?

பதில்: பின் ஹப்பின் வலப்பக்கத்தில் பல்சக்கர அடுக்கு உட்கார இடம் விட வேண்டியிருப்பதால், வலத் தட்டு நடுக்கோட்டை நோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பூட்டு நட்டுகளுக்கிடையே 130 மி.மீ. உள்ள ஹப் ஒன்றில் இடத் தட்டு நடுவிலிருந்து 36 மி.மீ.யிலும் வலத் தட்டு 18 மி.மீ.யிலும் இருப்பதாகக் கொள்வோம். முன்பு சொன்ன 600 மி.மீ. ரிம்மும் 45 மி.மீ. துளைவட்டமும் மூன்று குறுக்குமாகக் கணக்கிட்டால் இடப்பக்கம் 293.0, வலப்பக்கம் 291.4 என்று வரும். வேறுபாடு 1.6 மி.மீ.

ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரே நீளம் வாங்கினால் அந்த வேறுபாடு ஒரு பக்கம் குறையாகவும் மறுபக்கம் மிகையாகவும் போய்ச் சேரும். 292இல் 32 கம்பிகளும் வாங்கினால் இடம் 1 மி.மீ. குறையும், வலம் 0.6 மி.மீ. மிகும். சக்கரம் நிற்கும், ஆனால் அளவெடுப்பதில் நேர்ந்திருக்கக் கூடிய சிறு பிழைக்கு விட்டுவைத்திருந்த இடமெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். 16 கம்பிகள் ஒரு நீளம், 16 கம்பிகள் இன்னொரு நீளம் என்று வாங்கி, பிரித்தவுடனே ஒரு கட்டுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். மேசையில் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

இதே ஹப்பைப் பற்றி இன்னொரு செய்தி. நடுவிலிருந்து தட்டுகளின் தூரம் 18க்கு 36 என்றால், ரிம்மை நடுவில் நிறுத்துவதற்கு இடப்பக்கக் கம்பிகளின் இழுவிசை வலப்பக்கத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியாகவே இருக்க முடியும். சக்கரம் கட்டிய பிறகு இடப்பக்கக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, ஒலி தாழ்ந்திருக்கிறதே, நீளத்தில் தவறு செய்துவிட்டோமோ என்று எழுதிய வாசகருக்கும் இதுவே பதில். தவறு ஏதுமில்லை. துளைகள் ஒரு பக்கமாகத் தள்ளி இடப்பட்ட ரிம்களில் இந்த ஏற்றத்தாழ்வு குறையும். அத்தகைய ரிம் உங்களிடம் இருந்தால், துளைகள் எத்தனை மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கின்றனவோ அதை வலத் தட்டின் தூரத்தோடு கூட்டி, இடத் தட்டின் தூரத்திலிருந்து கழித்துக்கொண்டு கணக்கிட வேண்டும்.

கேள்வி: கணக்கில் 291.4 என்று வந்தது. கிடைப்பதோ 290, 292 என்று இரட்டைப்படை நீளங்கள் மட்டுமே. மேலே போவதா, கீழே வருவதா?

பதில்: என் பழக்கம் கீழே வருவது. ஈ.ஆர்.டி.யைக் காடியின் அடிவரை அளந்திருக்கிறீர்கள் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன்.

எஃகுக் கம்பி இழுத்தால் நீளும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2 மி.மீ. தடிமனுள்ள, 290 மி.மீ. அளவிலான கம்பியை 100 கிலோ எடை தொங்குவதற்கு இணையான இழுவிசையில் முறுக்கி வைத்தால் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். நிப்பிள் மரையின் நெருக்கம் அங்குலத்துக்கு 56 என்பதால், நிப்பிளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது நகர்வது 0.45 மி.மீ. ஆக, கம்பி நீள்வதே ஏறக்குறைய ஒரு சுற்றை விழுங்கிவிடுகிறது. இடையில் மெலிந்து 1.5 மி.மீ. ஆகும் கம்பிகள் இன்னும் அதிகமாக, முக்கால் மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். ரிம்மும் எல்லாப் பக்கமும் இழுபடுவதால் சிறிது சுருங்குகிறது.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 291.4 வேண்டிய இடத்தில் 290 போட்டால் குறை 1.4; அரை மில்லிமீட்டர் நீட்சி போக, முனை காடியின் அடிக்குக் கீழே 0.9 மி.மீ.யில், நிப்பிளின் தலைக்குள்ளேயே நிற்கும். 292 போட்டால் மிகை 0.6, நீட்சியும் சேர, முனை காடியின் அடியைத் தாண்டி 1.1 மி.மீ. மேலே வந்துவிடும். அப்போது காடியில் திருப்புளி உட்காராது. ஒற்றைச் சுவர் ரிம்மாக இருந்தால் முனை, ரிம்மின் துளைகளை மூடும் நாடாவைத் துளைத்து ட்யூபைக் குத்துவதற்கும் வழி பிறக்கும். அதைவிடப் பெரிய தொல்லை மரையில் இருக்கிறது: கம்பியில் மரை வெட்டியிருப்பது கடைசி 9, 10 மி.மீ. மட்டுமே. அது தீர்ந்த இடத்தில் நிப்பிள் நின்றுவிடும். நிப்பிளைத் திருப்பும் சாவி இறுகுவதைக் கை உணரும். ஆனால் கம்பியில் இழுவிசை ஏறியிராது. இதை இழுவிசை என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த நிலையில் அதற்கு மேல் சாவியைத் திருகினால் நிப்பிளின் பக்கங்கள் வழித்துக்கொண்டு போகும்.

இடப்பக்கத்துக்கு 293.0 என்றால் 292 வாங்குங்கள். அங்கே இழுவிசை பாதி என்பதால் நீட்சியும் பாதிதான். ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் கிடைக்குமிடத்தில் 291, 293 என்றே வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நண்பர் கட்டிய 36 துளைச் சக்கரமும் மூன்று குறுக்குதான், ரிம்மும் அதேதான், ஹப்பும் அதே வரிசைதான். அவர் போட்ட நீளத்தையே என் 32 துளைச் சக்கரத்துக்கும் வாங்கலாமா? குறுக்குகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்வது?

பதில்: வாங்கக் கூடாது. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் முதன்முதலாகக் கட்டிய முன் சக்கரத்துக்கு 36 துளைக்கான பட்டியலைப் பார்த்து 292 மி.மீ. கம்பி வாங்கினேன். துளைகள் 36 என்றால் மூன்று குறுக்குக்கான கோணம் 60 பாகை. 32 என்றால் 67.5 பாகை. கம்பி கூடுதலாகச் சாய்வதால் எனக்கு வேண்டியிருந்த நீளம் 294. இரண்டு மில்லிமீட்டர் குறைந்த கம்பிகள் எப்படியோ நிப்பிளில் ஏறிவிட்டன. சக்கரமும் நேராக ஓடியது. சில மாதங்களுக்குப் பிறகு நிப்பிள்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்கியபோதுதான் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

குறுக்கு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ வேறுபாடு இன்னும் பெரியது. மேலே சொன்ன பின் ஹப்பின் இடப்பக்கத்தில் மூன்று குறுக்குக்கு 293.0 என்றால், இரண்டு குறுக்குக்கு 285.5, குறுக்கே இல்லாமல் மையத்திலிருந்து நேராகப் போகும் பின்னலுக்கு 278.5. ஆகவே பின்னலை முடிவு செய்யாமல் நீளத்தைக் கேட்பதில் பொருளில்லை.

முடிவு செய்வதற்கு ஒரு வரம்பு உண்டு. துளைகளின் எண்ணிக்கையை 8ஆல் வகுத்து வருவதற்கு மேல் குறுக்குகள் போகக் கூடாது. அங்கே கம்பி தட்டைத் தொட்டுக்கொண்டு செங்கோணத்தில் கிளம்புகிறது. 32 துளைக்கு அந்த எல்லை நான்கு. ஆனால் எல்லையிலேயே போய் நின்றால் கம்பி பக்கத்துக் கம்பியின் தலைமேல் ஏறிப் படுத்துவிடும். எனவே 32க்கும் 36க்கும் மூன்று, 28க்கு மூன்று அல்லது இரண்டு, 24க்கும் 20க்கும் இரண்டு, 40க்கு நான்கு என்பதே வழக்கம். பின் சக்கரத்திலும் வட்டு பிரேக் உள்ள சக்கரத்திலும் குறுக்கில்லாத பின்னல் வேண்டாம்: ஹப்பின் முறுக்குவிசையை ரிம்முக்குக் கொண்டுசேர்ப்பது கம்பியின் இந்தச் சாய்வுதான். மையத்திலிருந்து நேராகச் செல்லும் கம்பிகளால் அதைச் செய்ய இயலாது என்பதனாலேயே இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் சாய்கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உயரமான முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடல் இருந்த காலம் அது. நம் சக்கரங்கள் இன்றும் அவர் வழியில்தான் பின்னப்படுகின்றன.

கேள்வி: கட்டி முடித்த சக்கரத்தில் நிப்பிளுக்கு வெளியே இரண்டு மூன்று மரைகள் தெரிகின்றன. நீளமான நிப்பிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மையில்லை. 12 மி.மீ. நிப்பிளுக்குப் பதிலாக 14 அல்லது 16 மி.மீ. நிப்பிளைப் போட்டால் வெளியே தெரியும் மரை மறையும், குறை மறையாது. நீள நிப்பிள்களில் கூடுதலாக இருப்பது சாவி பிடிக்கும் தண்டுப் பகுதிதான். கம்பியைப் பிடிக்கும் மரை வழக்கம்போல் தலைப்பக்கத்திலேயே இருக்கிறது. கம்பி தலைவரை வந்து சேராதபோது, ரிம்மில் உட்கார்ந்திருக்கும் தலைக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கழுத்து மட்டும் முழு இழுவிசையையும் தாங்குகிறது. என் சக்கரத்தில் தெறித்தது அந்தக் கழுத்தில்தான். பித்தளை நிப்பிள் சிறிது காலம் பொறுக்கும். அலுமினிய நிப்பிள் அவ்வளவு பொறுக்காது.

டயரைக் கழற்றி, ரிம் நாடாவை விலக்கி, காடிக்குள் பாருங்கள். கம்பியின் முனை காடியின் அடியிலோ அதற்கு ஒரு மில்லிமீட்டர் கீழேயோ பளிச்சென்று தெரிந்தால் கவலை வேண்டாம். வெளியே தெரியும் மரை, அந்தக் கம்பியில் வழக்கத்தைவிட நீளமாக மரை வெட்டியிருப்பதால் வந்ததாக இருக்கலாம். வெறும் கருத்த குழியாகத் தெரிந்தால் கம்பிகளை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ரிம் மட்டும் வளைந்துவிட்டது. கோட்டம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புது ரிம்மை வாங்கி, பழைய கம்பிகளையே போடலாமா?

பதில்: பழைய ரிம், புதிய ரிம் இரண்டின் ஈ.ஆர்.டி.யும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் போடலாம். கம்பிக்கு வரும் வேறுபாடு அதில் பாதிதான். பழையது 602, புதியது 596 என்றால் ஒவ்வொரு கம்பியும் 3 மி.மீ. மிகையாகிவிடும், அதைச் சமாளிக்க வழியில்லை. வளைந்துபோன ரிம்மை அளப்பது நம்பகமானதல்ல என்பதால், ஒரு கம்பியைக் கழற்றி வளைவின் உட்பக்கத்திலிருந்து முனைவரை அளந்து, அது புது ரிம்முக்குக் கணக்கிட்ட நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே மேல். ஒத்துப்போனால் இரு ரிம்களையும் பக்கம் பக்கமாக வைத்து நாடாவால் கட்டி, வால்வுத் துளைகளை நேராக்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக இந்த ரிம்மிலிருந்து அந்த ரிம்முக்கு மாற்றிவிடலாம். பின்னல் கலையாது. நிப்பிள்களை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: 20 அங்குலச் சக்கரத்தில் மோட்டார் ஹப் பொருத்த விரும்புகிறேன். 36 துளை. வலுவுக்காக மூன்று குறுக்கு போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: வேண்டாம். ரிம் சிறியது, ஹப் பெரியது. ஈ.ஆர்.டி. 390, துளைவட்டம் 120, தட்டின் தூரம் 25 என்று வைத்துப் பார்த்தால், மூன்று குறுக்கில் கம்பி ரிம்மைச் சேரும்போது நேர்க்கோட்டிலிருந்து 17 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். சாதாரண 700சி சக்கரத்தில் இது 4 பாகை அளவே. ரிம்மின் துளை நிப்பிளை அவ்வளவு சாய விடாது. கம்பி நிப்பிளின் வாயருகே வளைந்து, சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அலைக்கழிந்து அங்கேயே முறியும். ஒரு குறுக்கில் சாய்வு 8 பாகையாகக் குறைகிறது. பெரிய தட்டு என்பதால், ஒரு குறுக்கிலும் முறுக்குவிசை கடப்பதற்குப் போதுமான சாய்வு தட்டின் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. கம்பித் துளை 3 மி.மீ. என்று கொண்டால் மூன்று குறுக்குக்கு 173 மி.மீ., ஒரு குறுக்குக்கு 141 மி.மீ. என்று நீளம் வரும். 32 மி.மீ. வேறுபாடு என்பதால், மனத்தை மாற்றிக்கொள்வதாக இருந்தால் கம்பி வாங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு கம்பிதான் முறிந்தது. அதற்கும் இவ்வளவு கணக்கு வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் கம்பி முறிவது ஹப் பக்கத்து வளைவில்தான். நிப்பிளைக் கழற்றிவிட்டு மீதியுள்ள நேரான துண்டை அளந்தால், ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக அதுவே நீளம். வேறிடத்தில் முறிந்திருந்தால் இரு துண்டுகளையும் பொருத்தி வைத்து அளக்கலாம். துண்டு தொலைந்துபோயிருந்தால் அதே சக்கரத்தில், அதே பக்கத்திலுள்ள இன்னொரு கம்பியைக் கழற்றி அளந்துவிட்டு, அதை உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். பின் சக்கரமாக இருந்தால் முறிந்தது எந்தப் பக்கம் என்பதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். நீளத்தோடு தடிமனையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் 1.8 மி.மீ. கம்பிக்குரிய நிப்பிளில் 2 மி.மீ. கம்பி ஏறாது.